மொட்டைமாடியில் சுரைக்காய்க்குக் கல்யாணம்!

"ஒரு தக்காளி நாலாயிரத்து முந்நூறு ரூபாய்... ஒரு தரம்! நாலாயிரத்து முந்நூறு ரூபாய்... ரெண்டு தரம்!"

ஏலம் விட்டவர் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். ஏலம் நடந்த இடம் என் மேஜை. தக்காளியும் என்னுடையதுதான். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் வெயிலில் வெந்து வெளுத்திருந்தது. போன வருஷம் வைகாசிக் கடைசியில், என் மாடித்தோட்டத்தில் விளைந்த மொத்த மகசூலே அதுதான். பை, மண், தென்னை நார்க்கழிவு, விதை, பூவாளி, இரும்பு ஸ்டாண்டு என்று நான் செலவழித்த தொகைதான் அந்த நாலாயிரத்து முந்நூறு. கேட்பார் யாருமில்லாததால் ஏலம் ரத்தானது. மூன்று மணி டீயோடு அந்தத் தக்காளியை நானே தின்றேன். புளிப்பு!

இந்த வருஷம் கதை வேறு. பங்குனியில் கத்தரி காய்க்கத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டுக் குழம்பில் கடைக் கத்தரிக்காய் விழவில்லை. அதே ஹெட் கிளார்க், "என்னப்பா, இன்னிக்கு வெண்டைக்காய் வந்திருக்கா?" என்று என் டிபன் பையை எட்டிப் பார்க்கிறார். இடையில் என்ன நடந்தது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எல்லா ஞானமும் என்னுடையது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் வீட்டில் அம்மாவும் இந்தப் பத்திரிகையைப் படிப்பாள்!

வசந்தம் என்ற வில்லன்

மதுரையில் எனக்கு மாடி போர்ஷன் வாடகைக்கு. கீழே ஹவுஸ் ஓனர், மேலே மொட்டைமாடி. அப்பா தவறிய பிறகு அம்மாவை மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூட்டி வந்து இரண்டு வருஷமாகிறது. இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவேன். அதுவரை அம்மாவுக்குத் துணை டி.வி.தான்.

போன வருஷம் ஏப்ரலில், செல்போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோ பார்த்தேன். "வசந்தம் வந்துவிட்டது! இதுதான் நேரம், விதை போடுங்கள்!" என்று அவர் குதித்தார். எனக்கும் ரத்தம் சூடாகிவிட்டது. நம்மூர்க் கணக்கிலும் சித்திரை, வைகாசிதானே இளவேனில்? சித்திரை ஒண்ணு, தமிழ் வருஷப் பிறப்பு, நல்ல நாள் வேறு. பன்னிரண்டு பைகளில் விதை போட்டேன்.

முளைத்தது! நாலு இலை விட்டது! அப்புறம் அக்னி நட்சத்திரம் வந்தது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் வதங்கியது. ஒரு மாதத்தில் மாடியில் பன்னிரண்டு மண் பைகள்தான் மிச்சம். அதில் தப்பிப் பிழைத்த ஒரே வீரன்தான் ஏலத்துக்கு வந்த தக்காளி.

நான் செய்த தப்பு எது என்று பிற்பாடுதான் புரிந்தது. குளிர் தேசத்தில் தோட்டக்காரனுக்கு எதிரி உறைபனி. கடைசி உறைபனி எந்தத் தேதியோடு முடியும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவான். தக்காளி நாற்றை அதற்கு ஆறு, எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் விதைத்து வளர்ப்பான். அவனுக்கு வசந்தம் என்பது எதிரி போன நேரம். நமக்கு எதிரி வெயில். நம்மூர் ஏப்ரல் என்பது எதிரி வாசலில் வந்து நிற்கிற நேரம்! சந்தேகமிருந்தால் மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தைப் பாருங்கள். திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்கென்றே கட்டிய மண்டபம் அது. சுற்றிலும் தண்ணீர் தேக்கப் பள்ளம் அமைத்திருக்கிறார்கள். நம்மூர் வசந்தத்தில் சாமிக்கே தண்ணீர் கட்டிக் குளிர்ச்சி பண்ண வேண்டியிருந்திருக்கிறது. என் தக்காளி எம்மாத்திரம்?

அதிலும் தக்காளி, தென் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்த செடி. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்க ஆரம்பித்தால் அதன் மகரந்தம் கெட்டுவிடும். பூ பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். உரம் போட்டாலும் உதிரும், பாட்டுப் போட்டாலும் உதிரும். நான் இரண்டையும் செய்து பார்த்தேன்!

ஒரு மஞ்சள் பை

மார்கழிக் கடைசியில் ஒருநாள், அம்மா பெட்டியை எடுத்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"பொங்கல் கழிச்சு ஊருக்குப் போறேன்ப்பா. இங்க எனக்கு என்ன வேலை? நீ வார வரைக்கும் செவத்தைப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம்தான் இருக்கது?"

எனக்குப் பதில் வரவில்லை. அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை. அறுபத்து மூணு வயசில் தனியாகப் போகிறேன் என்கிறாள். 'போகாதே' என்று சொல்லலாம். 'இருந்து என்ன பண்ண?' என்று கேட்டால் என்ன சொல்வது?

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பை எட்டிப் பார்த்தது. எடுத்துப் பிரித்தேன். உள்ளே சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். ஒன்றை அவிழ்த்தால் சாம்பல். சாம்பலுக்குள் கத்தரி விதை. இன்னொன்றில் வெண்டை. இன்னொன்றில் சுரை.

"ஊருல இருந்து வரயில கொண்டாந்தது" என்றாள் அம்மா, துணி மடிப்பதை நிறுத்தாமல்.

ரெண்டு வருஷமாக இது இந்தப் பெட்டியில் இருந்திருக்கிறது. நான் கடையில் பளபளா பாக்கெட் விதை வாங்கி வந்தபோதும், சித்திரை ஒண்ணாம் தேதி விதைத்தபோதும், வெயிலில் எல்லாம் கருகியபோதும் இங்கேயேதான் இருந்திருக்கிறது.

"ஏம்மா, நான் சித்திரையில விதைச்சப்பவே தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேப்பா. போனைப் பாத்துல்ல பண்ணிக்கிட்டிருந்த."

இந்த வருஷம் எனக்கு ஆபீஸில் வந்த மெமோக்களில் ஒன்றுகூட இவ்வளவு வலித்ததில்லை.

"சரி... இப்ப கேக்குறேன். எப்ப போடணும்?"

அம்மா காலண்டரைப் பார்த்தாள். "தைப்பட்டம். பொங்க அன்னைக்கு நாத்துப் பாவு. அக்கினி வரதுக்குள்ள காயெடுத்துறணும்."

நான் பேனாவை எடுத்தேன். தை ஒன்று முதல் அக்னி நட்சத்திரம் தொடங்குகிற மே முதல் வாரம் வரை எண்ணினால் கிட்டத்தட்ட 110 நாள். வெள்ளைக்காரர் பனியிலிருந்து எண்ணுகிறார். அம்மா அக்னியிலிருந்து எண்ணுகிறாள். ரெண்டு பேரும் பின்னோக்கித்தான் எண்ணுகிறார்கள். எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் நான் கோட்டை விட்டிருக்கிறேன்!

"நாத்து முளைக்கிற வரைக்குமாவது இரும்மா."

"சரி, முளைச்சதும் போறேன்."

ஜல்லிக்கட்டு முதல் அழகர் வரை

அம்மாவுக்கு ஆங்கிலத் தேதி சரிப்படாது. அதனால் மதுரைத் திருவிழாக்களை வைத்தே ஒரு அட்டவணை போட்டோம். நீங்களும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

பொங்கல் அன்று அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கும்போது: தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் ஒரு தட்டில் நாற்று விட வேண்டும். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து நேராகப் பையிலேயே ஒரு அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். அதைப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். சுரையும் நேர் விதைப்புதான்.

அதே வாரம்: பழைய தெர்மோகோல் பெட்டியில் சிறுகீரை, அரைக்கீரை. விதையை மணலோடு கலந்து தூவினால் குமியாமல் விழும். சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கீரை போடுங்கள். 'எனக்கும் விளையும்' என்ற நம்பிக்கை வருவதற்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

தைப்பூசத் தெப்பம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் ஓடும் சமயத்தை ஒட்டி: நாற்றுக்கு இருபத்தைந்து நாள் ஆனதும் தக்காளியைப் பைக்கு மாற்ற வேண்டும். கத்தரி, மிளகாய்க்கு முப்பது, முப்பத்தைந்து நாள் ஆகலாம். சாயங்காலம்தான் நட வேண்டும். முதல் மூன்று நாள் நிழல்.

மாசி முடிவதற்குள்: வெண்டையில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பறிக்கலாம்' என்று விட்டால், அது காயாக இருக்காது, விறகாக இருக்கும்.

பங்குனி: தக்காளி பழுக்கும், கத்தரி காய்க்கும். அழகர் ஆற்றில் இறங்கும்போது தக்காளிக்கு விடை கொடுத்துவிடலாம். கத்தரியும் மிளகாயும் நிழல்வலை கட்டினால் கோடையைத் தாக்குப்பிடிக்கும். காலியான பையில் கொத்தவரை போடலாம். அது வெயிலுக்கு அஞ்சாத ஆள்.

விதை எங்கே என்கிறீர்களா? அம்மா மாதிரி சாம்பல் முடிச்சு வைத்திருப்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். முதலில் அங்கே கேளுங்கள். அப்புறம் நம் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. 1965-ல் ஆரம்பித்த கல்லூரி. மதுரை-1 என்ற பெயரில் கத்தரி, வெண்டை, பாகல் என்று இங்கிருந்து வந்த ரகங்கள் உண்டு. அதில் பாகலுக்கு ஒரு சினிமாக் கதையே இருக்கிறது. நாட்டுப் பாகல் விதையில் காமாக் கதிரைப் பாய்ச்சி, அதில் மாறிப் பிறந்த செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. கசப்பு மட்டும் மாறவில்லை!

ஹவுஸ் ஓனரும் 20 கிலோவும்

நாற்று முளைத்தது. அம்மா ஊருக்குப் போகவில்லை. "நட்டுட்டுப் போறேன்" என்றாள்.

ஆனால் ஹவுஸ் ஓனர் மேலே வந்துவிட்டார். "தம்பி, தோட்டம் போடுங்க, வேணாங்கல. ஆனா மேல நீங்க பயிர் பண்ண, கீழ என் பெட்ரூம்ல நாத்து நடுற மாதிரி ஆயிடக்கூடாது!"

நியாயமான பயம். பன்னிரண்டு லிட்டர் பை நிறைய ஈர மண் என்றால் கிட்டத்தட்ட இருபது கிலோ. பதினாறு பை வைத்தால் முந்நூற்றிருபது கிலோ. ஆள் நடமாடுகிற மொட்டைமாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் கணக்கில்தான் இந்தியத் தரநிலைப்படி கட்டுகிறார்கள். எல்லாப் பையையும் மாடி நடுவில் கும்பலாக வைத்தால் வம்பு. அதனால் கீழே சுவர் ஓடுகிற வரிசையைப் பார்த்து, கைப்பிடிச் சுவர் ஓரமாகவே பரப்பி வைத்தேன். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல். தண்ணீர் தேங்காது, தளம் காயும், ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். மண்ணும் முழுக்க மண்ணில்லை: செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். கூடவே பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு.

ஹவுஸ் ஓனருக்கு இந்தக் கணக்கு பிடித்தது. இருபத்தைந்தாம் நாள் சிறுகீரை ஒரு கட்டுப் போனது. அது இன்னும் பிடித்தது.

பூவும் கையுமாக ஒரு வாலிபன்

மாசிக் கடைசியில் சுரைக்கொடி பந்தலேறிப் பூத்தது. நன்றாகத்தான் பூத்தது. காயைத்தான் காணோம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பிற்பாடுதான் பெண் பூ வரும். அதன் அடியில் ஒரு குட்டிச் சுரைக்காயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். வண்டோ பூச்சியோ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் அந்தக் குட்டி மஞ்சளாகி விழுந்துவிடும். எங்கள் தெருவில் வண்டிகள் நிறைய, வண்டுகள் குறைவு. எனவே புரோகிதம் நானே செய்வதென்று முடிவு.

காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போனேன். பூவெல்லாம் துவண்டு கிடந்தது. மறுநாள் ஆறு மணிக்கு. அதே கதை. மூணாம் நாள் அஞ்சரைக்கு அலாரம் வைத்ததைப் பார்த்த அம்மா சிரித்துவிட்டாள்.

"டேய், காலையில பூக்கறது பரங்கிடா. சுரைப் பூ அந்தியில மலர்றது. அது வெள்ளையா இருக்கே, எதுக்கு? இருட்டுல பூச்சிக்குத் தெரியத்தான்."

தாவரவியல் புத்தகமும் இதையேதான் சொல்கிறது. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் நஷ்டம்.

அன்று முதல் ஆபீஸ் விட்டு வந்ததும் ஆறரை மணிக்கு மாடி. ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான். நாலே நாளில் எதிர்வீட்டு மாமி கீழே வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "உங்க பையன் தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துல மாடியில பூவும் கையுமா நிக்கிறான். எங்க வீட்டுல காலேஜ் படிக்கிற பொண்ணு இருக்கு..."

அதற்கு அம்மா: "அவன் சுரைக்காய்க்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறான் தாயி. அவனுக்குத்தான் இன்னும் ஒண்ணும் அமையல!"

சுரைக்காய் மொத்தம் பதினொன்று. ஒன்று எதிர்வீட்டுக்குப் போனது. சமாதானம்.

பதினோராம் படி

இந்த வெற்றியில் எனக்குத் தலைக்கனம் ஏறியதை ஒப்புக்கொள்கிறேன். காலையில் பூவாளியோடு போய் ஒவ்வொரு பைக்கும் தெளித்துவிட்டு வருவேன். பத்து நிமிஷ வேலை. சாயங்காலம் வந்து பார்த்தால் செடிகள் பச்சைப் பசேலென்று நிற்கும். 'நம்ம கை ராசி அப்படி' என்று ஆபீஸில் பாடமே எடுத்தேன்.

பங்குனியில் ஒருநாள் பல்வலி. அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாடிப்படியில் ஏறினால், நடுப்படியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பிளாஸ்டிக் குடம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு படி. பதினொன்றில் ஒரு ஓய்வு.

"என்னம்மா இது? காலையில நான் ஊத்திட்டுத்தானே போனேன்?"

"நீ ஊத்துறது மேல் மண்ணு நனையத்தான்ப்பா காணும். வேருக்கு எட்டணும்ல? விரலை உள்ள விட்டுப் பாரு."

பார்த்தேன். அவள் தண்ணீர் ஊற்றிய பையில் விரல் முழுக்க ஈரம். இன்னும் ஊற்றாத பையில் அரை விரலுக்குக் கீழே மாவு மாதிரி மண். மேலே தெளித்தால் வேரும் மேலேயே சுற்றும். வெயில் வந்தால் முதலில் சாவது அந்த வேர்தான். பைக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் என்றாலும், கீரை, சுரையையும் சேர்த்தால் பங்குனி வெயிலில் நாளைக்கு நாற்பத்தைந்து லிட்டர். மூன்று குடம். இரண்டு மாதமாக, நான் ஆபீஸ் போன பிறகு அந்த மூன்று குடம் இந்தப் படியில் ஏறியிருக்கிறது. நான் கை ராசி என்று சொன்னது, அம்மாவின் இடுப்பு வலியை.

கோபம்தான் வந்தது. "யாரு உன்னைத் தூக்கச் சொன்னா? விழுந்து வச்சா என்ன ஆகுறது?" என்று கத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குடத்தை நான் வாங்கிக்கொண்டு மேலே போனேன். பல்வலி போன இடம் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே செய்த வேலைகள்: ஹவுஸ் ஓனரிடம் கேட்டு, மேல்நிலைத் தொட்டிக் குழாயிலிருந்து மாடியில் ஒரு டிரம்முக்குக் கிளைக் குழாய். பூவாளிக்கு ஓய்வு, ஒவ்வொரு பையிலும் அடி ஓட்டையில் தண்ணீர் கசியும்வரை நின்று ஊற்றுவது. எல்லாப் பைக்கும் மேலே காய்ந்த இலை, தேங்காய் நார் போட்டு மூடாக்கு. இதைப் போட்ட பிறகு மத்தியானத் தண்ணீரே தேவைப்படவில்லை. தளத்துக்கும் செடிக்கும் மேலே பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை.

இன்னொன்றும் உண்டு. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து வைத்தாலே மூன்று பைக்கு ஆகிவிடும். குடிதண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் கழித்துவிடுகிற நீரை மட்டும் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே நம்ம போர் தண்ணீரில் உப்பு; அதில் அது இன்னும் திரண்டிருக்கும். துணி அலசிய கடைசித் தண்ணீர் கீழே கல் ஓரத்தில் நட்ட பப்பாளிக்கு.

மஞ்சள் இலையும் மெக்சிகோ பூச்சியும்

பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். வெண்டையில் ஒரு செடி, இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை பின்னின மாதிரி ஆனது. மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், மருந்து கிடையாது. அம்மா பிடுங்கச் சொன்னாள். காய்க்கிற செடியாயிற்றே என்று எனக்கு மனசு வரவில்லை. ஒரே வாரத்தில் பக்கத்துப் பையும் மஞ்சள். இப்போது மஞ்சள் கண்டால் அன்றே பிடுங்கிப் பையில் கட்டித் தூர எறிந்துவிடுகிறேன். அசுவினி, மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலைக்கு அடியில் தெளிப்பு.

பப்பாளியில் மாவுப்பூச்சியைப் பார்த்ததும் அம்மா பதறினாள். காரணம் உண்டு. மெக்சிகோ பக்கத்துப் பூச்சியான பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்க வெள்ளை பூசியது. எங்கள் கொல்லைப் பப்பாளியும் அப்போது போனதுதான். மருந்து அடித்து அடங்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கடுகைவிடச் சின்னது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தீர்த்துக்கட்டுகிற ஜாதி. டேங்க் டேங்காக விஷத்தால் முடியாததை அது முடித்தது. அதனால்தான் கண்டதற்கெல்லாம் மருந்தடித்தால் நம் கட்சி ஆளும் சேர்ந்து செத்துப்போவான் என்கிறார்கள். எங்கள் பப்பாளியில் வந்த கொஞ்சத்தைத் துணியால் துடைத்துவிட்டோம்; தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம். சரியாகிவிட்டது.

லாப நஷ்டக் கணக்கு

ஹெட் கிளார்க் விடமாட்டாரே! "எல்லாம் சரி, கணக்குச் சொல்லுப்பா" என்றார். இந்த வருஷச் செலவு, பழைய பைகள் இருந்ததால், உரமும் நிழல்வலையும் குழாயும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. வரவு: தக்காளி ஏழு கிலோ, கத்தரி ஒன்பது கிலோ, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கைப்பிடி வெண்டை, பதினொரு சுரை, எண்ணாத அளவு கீரை. மாட்டுத்தாவணி மார்க்கெட் விலைக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய சரிக்குச் சரி. பணம் சம்பாதிக்க மாடித்தோட்டம் போடுகிறவர்கள் தயவுசெய்து போடாதீர்கள். பஸ்ஸேறிப் போய் வாங்கி வருவதுதான் லாபம்.

ஆனால் கணக்கில் ஏறாத ஒரு வரவு உண்டு. இப்போது சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது டி.வி. ஓடுவதில்லை. "நாலாவது பையில பூ வச்சிருக்கு, பாத்தியா?" என்று படியிலேயே ஆரம்பிப்பாள். எதிர்வீட்டு மாமி கத்தரி நாற்று கேட்டு வந்துபோகிறார். ஹவுஸ் ஓனர் வீட்டம்மா கறிவேப்பிலைக் கன்று வைக்க இடம் கேட்கிறார். எங்கள் தெருவில் அம்மாவுக்கு 'மேலூர்க்காரம்மா' என்று பெயர் போய், 'தோட்டக்காரம்மா' என்று ஆகிவிட்டது.

நாற்று நட்டதும் போகிறேன் என்றவள், பூ விட்டதும் என்றாள். அப்புறம் காய் எடுத்ததும் என்றாள். அழகரும் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியாயிற்று. நேற்று மாடியில் முற்றிய கத்தரிக்காய் ஒன்றைப் பிளந்து, விதையை அலசி, நிழலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஊருக்கு எப்ப?" என்று சும்மா கேட்டேன்.

"ஆடிப்பட்டம் வருதுல்ல... அதை முடிச்சுட்டுப் போறேன்."

எந்த வருஷத்து ஆடி என்று நான் கேட்கவில்லை.